உடையாத தடுப்பு

2051 ஏப்ரல் 9, 10:00
அண்டார்டிகா, பனிமேட்டு வானிலை நிலையம். பதிவிடுவது ஜெயராக்கினி, வானிலை ஆய்வாளர். வெப்பம் மைனஸ் 41. காற்று மணிக்கு 70 கிலோமீட்டர். உடன் இருந்தவரைக் குடல்வால் வலிக்காகக் கடற்கரை முகாமுக்கு அனுப்பி ஆறு நாளாகிறது. நான் தனி. மாற்று ஆள் 12-ம் தேதி வருகிறார்.
கிழக்கே ஓர் உயர் அழுத்தம் நகராமல் நிற்கிறது. துருவத்தை நோக்கிக் குறையவேண்டிய அழுத்தம் அங்கே கூடுகிறது. இதற்குப் பெயர் தடுப்பு. மேற்கிலிருந்து வரும் புயல்கள் அதைத் தாண்ட முடியாமல் எங்கள் மேலேயே நிற்கும். கணினி மாடலின் கணிப்பு: தடுப்பு 12-ல் உடையும்.

ஏப்ரல் 12, 11:20
உடையவில்லை. மாற்று ஆளை ஏற்றிவரும் வண்டி முகாமிலிருந்து கிளம்பவில்லை. மாடல் இப்போது 15 என்கிறது. காலையில் ஜெனரேட்டர் நின்றது. பனித்தூள் உள்ளே புகுந்து கட்டியாகிவிட்டது. மூன்று மணி நேரம் போராடிப் பார்த்தேன். மிஞ்சியது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. 20-ம் தேதி வரை எரியும். ரேடியோவுக்கும் லேப்டாப்புக்கும் பேட்டரி இருக்கிறது.

ஏப்ரல் 15, 09:45
உடையவில்லை. மாடல் 18 என்கிறது. பழைய கணிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் பதினான்கு தடுப்புகள். அவற்றில் பதினொன்று மாடல் சொன்ன நாளில் உடையவில்லை, வெகுநாள் கழித்தே உடைந்தன. தேங்கி நிற்கும் காற்று மாடலுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் வழக்கத்துக்கு இழுக்கப் பார்க்கிறது.
என் கணக்கில் இது 24 வரை நிற்கும். அடுப்பு 20 வரை. இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 17, 13:00
ரேடியோவில் முகாம் தலைவர் கமாலுதீன்: "ராக்கினி, நாளைக்குத் தெளிஞ்சிடும்னு மாடல் சொல்லுது. துரைப்பாண்டி வண்டியத் தயார் பண்ணிட்டான். நீங்க என்ன சொல்றீங்க?"
சரி என்று ஒரு சொல் போதும். ஆனால் வழியில் நாற்பது கிலோமீட்டருக்குப் பனிப்பிளவுகள். கண் தெரியாவிட்டால் வண்டி உள்ளே போய்விடும். நாளை தெளிந்தாலும் அது இரண்டு புயல்களுக்கு நடுவே வரும் சின்ன இடைவெளிதான்.
வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 18, 12:10
தெளிந்துவிட்டது. நல்ல நீலம். காற்று வெறும் 15.
துரைப்பாண்டி: "அக்கா, இங்க வெயிலே அடிக்குது. எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு வார்த்தை சொல்லுங்க, எட்டு மணி நேரத்துல அங்க இருப்பேன்."
வரைபடத்தைப் பார்த்தேன். உயர் அழுத்தம் ஓர் அங்குலம்கூட அசையவில்லை.
"வேண்டாம் தம்பி. எஞ்சினை நிறுத்து."
"பைத்தியமாக்கா உங்களுக்கு?"
வெளியே போய் வெயிலில் நின்றேன். என் கணக்கு தப்பென்றால் என்னை நானே கொன்றுகொண்டேன்.

16:35
காற்று 95. கதவைத் திறக்க முடியவில்லை.
துரைப்பாண்டி: "அக்கா... கைய நீட்டினா கை தெரியல. கெளம்பியிருந்தா இந்நேரம் பிளவுக்கு நடுவுல..." அழுகிறான் போல.
கணிப்பு சரி. சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. பிறகு மண்ணெண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்த்தேன்.

ஏப்ரல் 21, 14:00
அடுப்பு நேற்று மாலை அணைந்தது. உள்ளே மைனஸ் 22. பேனா உறைந்துவிட்டது, பென்சில். தலைவரைக் கமாலண்ணன் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். மணிக்கொரு தடவை பேசுகிறார். "தூங்கிடாதம்மா. ஊரைப் பத்திச் சொல்லு." தூத்துக்குடி உப்பளத்து வெயிலைச் சொன்னேன். மாடல் நாளை என்கிறதாம்

ஏப்ரல் 22 அல்லது 23
ரேடியோ இல்லை. கால் விரல் இருப்பதே தெரியவில்லை
காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. தடுப்பு உடைந்தது என்று எழுதத்தான் எழுந்தேன்
காற்றுமானி 110 காட்டுகிறது. துடைத்துப் பார்த்தேன். 110. சுவர் ஆடுகிறது
எனக்குத்தான் கேட்கவில்லை
கிளம்பாதீர்கள் இன்னும்