பத்தொன்பது தாளும் ஒரு குழாயும்

நேற்றுப் பெய்த மழையில் ஜன்னலோரம் இருந்த உன் காகிதக் குழாய் நனைந்துவிட்டது. காலையில் அறைக்குள் நுழைந்ததும் மைதாப் பசை வாசம். எம். புதுப்பட்டியில் உன் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட குழாய்களிலிருந்து வருமே, அதே வாசம். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இத்தனை வருஷம் நான் பிரிக்காமல் வைத்திருந்ததை மழை பிரித்துவிட்டது.

நம்மைச் சேர்த்துவைத்ததே மூன்றாம் செமஸ்டர் கணக்குதான். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகும் நீயும் நானும் மட்டும் அந்த ஒரே அரியரைக் கட்டிக்கொண்டு அழுதோம். இருவருக்கும் ஒரே நோட்டு, உன் கையெழுத்தில். வகுப்பில் இரண்டு வரியில் தாண்டிப்போனதை நீ பன்னிரண்டு வரியில் எழுதிவைத்திருப்பாய். அதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறாது.

மூன்றாவது தடவை எழுதிவிட்டு வந்ததும் உனக்கு என்ன தெம்போ! "இனிமே இந்தச் சனியன் மொகத்துல முழிக்கக் கூடாதுலே" என்று நோட்டைத் தாள் தாளாகப் பிரித்து உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். பழைய தாளில் பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து அடைக்காத வெறுங்குழாய் சுற்றிக் கொடுப்பது அம்மாவின் வேலை. நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன், தடுக்கவில்லை. ரிசல்ட் வந்தது. நீ பாஸ், நான் பெயில். என் கையில் கோயம்புத்தூர் கம்பெனிக் கடிதம். வருஷக் கடைசிக்குள் டிகிரி இல்லையென்றால் வேலை இல்லை. அதற்குள் மிச்சம் இருந்தது ஒரே பரீட்சை.

அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்தை இப்போது சொன்னால்தான் என்ன? நோட்டு போனதற்காக இல்லை, நீ பாஸானதற்காகக் கோபம். ஒரு வாரம் உன் போனை எடுக்கவில்லை. பிறகு சண்டை போடவென்றே பஸ் ஏறி வந்தேன்.

முற்றம் நிறையக் குழாயைக் கொட்டி வைத்துக்கொண்டு, நோட்டுத் தாளைத் தேடி நீ ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாய். பாதி ஏற்கெனவே லோடு ஏறிப் போய்விட்டதாம்.

"ஏலே, சுத்துன குழாயப் பிச்சுப் போடுறியே, கம்பெனிக்காரவுக கேட்டா என்னத்தச் சொல்ல?" என்று அம்மா சத்தம் போட்டார்.

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லுங்கம்மா."

"எம்புட்டுப் பெரிய எலி!" என்று என்னைப் பார்த்தார். "அங்கனயே நிக்காத, வந்து உரி. தண்ணிய ஊத்தாத, ஈரத்துணியச் சுத்தி வையி."

நான் போட வந்த சண்டை அப்படியே நின்றுபோனது.

பத்தொன்பது தாள் கிடைத்தது. எல்லாவற்றிலும் பசை தடவிய கடைசி வரிகள் பிய்ந்துபோயிருந்தன. நான் தலையில் கைவைத்தேன். "ஆன்சர்தான போச்சு, ஸ்டெப்பு இருக்குல்ல. போட்டுப் பாரு" என்றாய். கிளம்பும்போது காக்கித் தாள் சுற்றிய குழாய் ஒன்றை என் பைக்குள் திணித்தாய். "இதுல இருக்கிறதுதான் முக்கியமான கணக்கு. முடியவே முடியலேன்னா மட்டும் பிரி."

அந்தக் குழாயை எத்தனை தடவை கையில் எடுத்தேன் தெரியுமா? எடுக்கும்போதெல்லாம், முடியவே முடியவில்லையா என்று எனக்கே சந்தேகம் வரும். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பேன். பிய்ந்துபோன கடைசி வரிகளை நானே கண்டுபிடித்தேன். பரீட்சை ஹாலில் ஒரு பெரிய கணக்கு பாதியில் சிக்கியபோது, வெளியே பைக்குள் குழாய் இருப்பது ஞாபகம் வந்தது. ஏனோ பயம் போய்விட்டது. ஐம்பத்திரண்டு மார்க். வேலையும் கிடைத்தது. அந்த வேலையில்தான் இன்றுவரை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

தீபாவளிக்குத் தீபாவளி போனில் கேட்பாய்: "பிரிச்சியாலே?" இல்லை என்பேன். அதற்குப் போய் இப்படிச் சிரிப்பானா என்று நினைக்கும் அளவுக்குச் சிரிப்பாய்.

இன்று பார்த்தேன். காக்கித் தாளுக்குள் இருந்தது புஸ்வாணப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் தாள். வண்ணம் விலகி அச்சாகி, படத்திலிருந்த பெண்ணுக்கு இரண்டு மூக்கு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கணக்கும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. கொடுக்க உன்னிடம் வேறு கணக்குத் தாளே மிச்சமில்லை, இல்லையா? படுபாவி. தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

மத்தியானம் மைதா காய்ச்சி அதை மறுபடி சுற்றி ஒட்டினேன். "அதான் ஒண்ணுமில்லேன்னு பாத்துட்டீகளே, பெறகு எதுக்கு?" என்றாள் என் மனைவி. குழாயை எடுத்துக்கொண்டு படியேறினேன். மாடியில் வெயிலில் காய்கிறது. முடியவே முடியலேன்னா மட்டும் பிரிப்பேன்லே.