வெளுத்த விரல்கள்

2025 நவம்பர் 18

வெள்ளிமலைக்கு மேலே, சரிவில் ஒரு தைலமரக் காடு. பட்டா நிலம். சீக்கிரம் முடிக்கச் சொல்லி மேஸ்திரி கந்தசாமி அவசரப்படுத்துகிறார். ஆறரைக்கு மரம் அறுக்கும் சங்கிலி மெஷினை எடுத்தேன். அரை மணி நேரத்தில் வலது கையில் மூன்று விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டன. கிள்ளினாலும் உறைக்கவில்லை. சூடான டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால்மணி கழித்துக் குத்தலோடு விரலுக்கு ரத்தம் திரும்பியது.

போன வருஷம் ஒரு விரல்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. மரம் வெட்டுகிறவனுக்குக் கை போச்சு என்றால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?

நவம்பர் 20

சுபஸ்ரீ என்று உளுந்தூர்பேட்டைப் பெண் ஒன்று வந்திருக்கிறது. வனவியலில் ஆராய்ச்சி செய்கிறதாம். மெஷின் எவ்வளவு அதிர்கிறது, அது கையை என்ன செய்கிறது என்று பார்க்கப் போகிறார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை என் மணிக்கட்டில் கட்டிவிட்டது.

"கை மரத்துப்போவுதா, விரலு வெளுக்குதாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

எனக்கு முன்னால் கேட்டபோது கண்ணுசாமியும் இதையேதான் சொன்னான். இந்த மலைக்காரன். நான் வெட்டிச் சாய்க்கிற மரத்தில் கிளை கழிக்கிறவன், மூன்று வருஷமாக என்னோடு.

நவம்பர் 21

கருவியைக் கழற்றிச் சோற்று வாளிக்குள் போட்டுவிட்டு வேலை பார்த்தேன்.

நவம்பர் 22

"நேத்து நீங்க ஒரு மரம்கூட வெட்டலையாண்ணே?" லேப்டாப்பைப் பார்த்தபடி சுபஸ்ரீ கேட்டது. சோற்று வாளி நாள் முழுக்க அசையாமல் இருந்திருக்கிறதே! ஜுரம் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் நேற்று வெட்டிய மரங்கள் வரிசையாகக் கிடந்தன. அது பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

நவம்பர் 26

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

ஒரு மரம் சாய்ந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தேன். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டதாகத்தான் நினைப்பு. எடுக்கவில்லை. மரத்துப்போன விரல் அமுக்கியபடியே இருந்திருக்கிறது, சங்கிலி ஓடியபடியே இருந்திருக்கிறது. காதில் பஞ்சு, பக்கத்தில் கண்ணுசாமி மெஷின் வேறு - எனக்குத் தெரியவே இல்லை. பட்டை உரித்துக்கொண்டிருந்த பாப்பாத்தி அக்கா எழுந்து திரும்பியது. முந்தானை சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது. நாலு விரல் தள்ளி இடுப்பு. நாலே விரல்.

"இன்னாப்பா, கண்ணு தெரியலையா?" என்றது. அப்புறம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது.

வூட்டுக்கு வந்து பொண்டாட்டி சந்தியாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். "ரெண்டு வருஷமா கைய உதறிக்கினு இருந்தது இதுக்குத்தானா? கேட்டா உளைச்சல்னு சொல்லுவியே! நாளைக்கு அந்தப் பொண்ணாண்ட நீ சொல்லு. இல்லன்னா நானே மலைக்கு வந்து சொல்றேன்."

நவம்பர் 27

சொன்னேன். பாப்பாத்தி அக்காவுக்கும் கேட்கட்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். "ரெண்டு வருஷமா எனக்கு விரலு வெளுக்குது. நேத்து அதனாலதான்."

கண்ணுசாமி மெதுவாக இடது கையை நீட்டினான். நாலு விரலும் வெள்ளை. "எனக்குந்தாண்ணே. சொன்னா நீ வேற ஆளை வச்சுக்குவியோன்னு..."

மூன்று வருஷம். ஒரே வாளியில் சோறு தின்றிருக்கிறோம். நான் அவனுக்குப் பயந்து மறைத்தேன், அவன் எனக்குப் பயந்து மறைத்திருக்கிறான்.

மேஸ்திரி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மெஷினை வுட்டுட்டு நான் மேஸ்திரியானது எதுக்குன்னு நெனைச்சீங்க?"

முதலில் சிரித்தது பாப்பாத்தி அக்காதான்.

டிசம்பர் 5

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்லி, விரல் நுனிகளை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் டாக்டரம்மா. "கைமீறிப் போகல. அதிர்வைக் குறைச்சா இதுக்கு மேல மோசமாகாது, கொஞ்சம் தேறவும் செய்யும். மொதல்ல பீடியை விடுங்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்திருக்கிறேன். எந்த வழியாக வந்தேன் என்று ஞாபகமில்லை. சந்தியாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

டிசம்பர் 11

கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் தேய்ந்துபோய், என் மெஷின் புது மெஷினைவிட இரண்டு மடங்கு அதிர்கிறதாம். ரப்பர் மாற்ற மேஸ்திரி ஒப்புக்கொண்டார். சோதித்துப் பார்க்க சுபஸ்ரீ ஆட்கள் பேட்டரி மெஷின் இரண்டு கொண்டுவந்திருக்கிறார்கள்.

"பொம்மையாட்டம் கீது" என்றேன். தொடை பருமன் மரத்தைச் சத்தம் போடாமல் அறுத்தது. முக்கால் மணியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

"இப்ப இன்னாங்க பண்றது?"

"அடுத்த பேட்டரி வர்ற வரைக்கும் உக்காருங்கண்ணே. கைக்கு ஓய்வு குடுக்கிறதும் இந்த ஆராய்ச்சிலதான் வருது."

பெரிய மரத்துக்கு இது தாங்காது. அதற்குப் பழைய மெஷின்தான். நானும் கண்ணுசாமியும் முறை வைத்துப் பிடிப்பது என்று பேசியிருக்கிறோம்.

டிசம்பர் 19

மெஷின் ஓடும் இடத்தைச் சுற்றி மேஸ்திரி கயிறு கட்டிவிட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பாப்பாத்தி அக்கா கத்துகிறது: "என் பொடவை இன்னா ஆச்சு?" பொங்கலுக்குப் புதுசு என்று சொல்லியிருக்கிறேன்.

2026 ஜனவரி 8

மார்கழிக் குளிர் எலும்பில் இறங்குகிறது. நேற்று இரண்டு விரல் வெளுத்தது. இன்று ஒன்று, அதுவும் நுனி மட்டும்.

பேட்டரி மெஷினில் கிளை கழிக்கும்போது கண்ணுசாமி பாடுகிறான். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கேட்டதற்கு, "நான் எப்பவும் பாடுவேண்ணே" என்றான். சகிக்கவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.