நாலாம் நம்பர் அறைக்கு வந்த அழைப்புகள்

ஜனவரி 11, 2007

படகு அரை மணி தாமதம். நாற்பது பேர் இறங்கினார்கள், என் விடுதிக்கு வந்தது ஒன்பது. மிச்சத்தை மேல்தெரு விடுதிக்காரர்கள் படிக்கட்டிலேயே மடக்கிவிட்டார்கள்.

தினமும் இதே கூத்து. காலையில் தாய்லாந்து எல்லையோரம் ஹுவாய் சாயில் படகு ஏறும்போது ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. சாயங்காலம் பாதி வழியில் எங்கள் பாக்பெங்கில் என் படியேறும்போது ஏழு ஜென்ம உறவு. தோளில் கை, ஒரே தட்டில் சாப்பாடு, ஒருத்தன் தொப்பி இன்னொருத்தி தலையில். நாளை சாயங்காலம் லுவாங் பிரபாங்கில் இறங்கினதும் ஆளுக்கொரு திசை. எனக்கு மட்டும் இவர்கள் ஒரு ராத்திரிச் சொந்தம். "போட்டோ அனுப்புறோம் அக்கா!" அதற்கென்றே முதல் வருடம் சுவரில் ஒரு பலகை அடித்து வைத்தேன். பதினோரு வருடத்தில் வந்த போட்டோ பூஜ்யம். பலகையில் இப்போது கொசுவத்திப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி 12

இன்று மூன்று பேர் சேர்ந்து ஒரே அறை கேட்டார்கள். மாடியில் நாலாம் நம்பரைக் கொடுத்தேன். அங்கேதான் மூன்று கட்டில்.

ஒருவன் ஹாலந்துக்காரன், ஜோரிஸ். பனைமரம். நிலைப்படியில் மண்டையை இடித்துக்கொண்டான். சிரித்தான். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் இடித்துக்கொண்டான். இன்னொருத்தி லுவானா, பிரேசில். பார்க்கிற எல்லாரையும் கட்டிப்பிடிக்கிறாள், என்னையும். எனக்கு வேர்வை நாற்றம் பிடிக்காது. மூன்றாமவள் யூன்ஹீ, கொரியாக்காரி, முப்பது வயதிருக்கும். பேச்சே இல்லை. செருப்பைக் கழற்றி, வாசல் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தவள் அவள் ஒருத்திதான். மற்ற இரண்டும் விசிறியடித்துவிட்டுப் போயின.

"நாங்க சாகுறவரைக்கும் ஃப்ரெண்ட்ஸ் அக்கா!" என்றாள் லுவானா.

"எப்போ இருந்து பழக்கம்?"

"காலையில இருந்து!"

அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். தம்பி மனைவி மாலைதோங், "பாவம் அக்கா, சின்னஞ்சிறுசுக" என்கிறாள். இவளுக்கு எல்லாருமே பாவம்தான்.

ஜனவரி 13

கொரியாக்காரிக்கு நெருப்பாய்க் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை.

படகு எட்டரைக்கு. ஏழு ஜென்ம உறவுகள் இரண்டும் அறை வாசலில் நின்று குசுகுசுவென்று பேசின. லுவானாவுக்கு லுவாங் பிரபாங்கிலிருந்து விமானமாம், தப்பவிட முடியாதாம். கண்ணீர் விட்டாள், கட்டிப்பிடித்தாள், மூட்டையைத் தூக்கினாள். ஜோரிஸ் மட்டும் கொஞ்ச நேரம் கால் மாற்றி மாற்றி நின்றான். "நீ போ, நான் ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று யூன்ஹீயே சொன்னாள். வேறென்ன சொல்வாள்? சொன்னதும் தூங்கிப்போனாள். அதுதான் சாக்கு என்று அவனும் கிளம்பினான்.

போகும்போது என் ஃபோன் நம்பர் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.

"தினமும் கூப்பிடுறேன். அவகிட்ட சொல்லுங்க. லுவாங் பிரபாங்ல அவ வர்றவரைக்கும் நான் காத்திருப்பேன்."

"சரி சரி, படகு போயிடும், ஓடு."

நிலைப்படியில் இடித்துக்கொண்டான்.

"ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட மாட்டான், பாரு" என்றேன் மாலைதோங்கிடம்.

ஜனவரி 14

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். மலேரியா இல்லை. மாத்திரை, கஞ்சி, படுக்கை.

என் ஃபோன் சன்னல் ஆணியில் பிளாஸ்டிக் பையில் தொங்கும். சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். சாயங்காலம் அடித்தது. அவன்தான்.

"எப்படி இருக்கா?"

"தூங்குறா." உண்மைதான், தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

எழுந்தபின் நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? முதல் நாள் கூப்பிட்டான் என்று சொன்னால், அந்தப் பெண் மறுநாள் முழுக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவன் யானைச் சவாரிக்குப் போயிருப்பான். நான் பார்க்காத கூத்தா?

ஜனவரி 15

மறுபடி கூப்பிட்டான். இரண்டு ஆயிற்று. நாளைக்கு நின்றுவிடும்.

ஜனவரி 16

நிற்கவில்லை. காலையிலேயே கூப்பிட்டான். "கஞ்சி குடிக்கிறா, பேச முடியாது" என்று வைத்துவிட்டேன்.

காய்ச்சல் இறங்குகிறது, ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "உயிர் பயந்து எங்கியோ அலையுது அக்கா, கூப்பிட்டுக் கட்டணும்" என்றாள் மாலைதோங். வாழையிலைக் கூம்பு மடித்து, அவித்த முட்டையும் ஒட்டரிசிச் சோறும் வைத்து, காட்டிலிருந்து வா, ஆற்றிலிருந்து வா, படகிலிருந்து வா என்று கூப்பிட்டாள். பிறகு யூன்ஹீயின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினாள். நானும் ஒன்று கட்டினேன்.

யூன்ஹீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டுதானா? படகுல ஒரு கல்யாணப் பொண்ணு வந்தா. கை முழுக்க நூலா இருந்துச்சே."

"அவளுக்கு ஆள் இருந்தாங்க" என்றேன்.

ச்சீ, என்ன வாய் இது.

கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள். "யாராவது கூப்பிட்டாங்களா அக்கா?"

"லைன் சரியில்லம்மா."

மாலைதோங் முட்டையை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

ஜனவரி 17

மத்தியானம் யூன்ஹீ கீழே இறங்கி வந்து உட்கார்ந்தாள். ஆற்றோடு கீழே போகப் பிரியமில்லையாம். நாளைக் காலை மேலே போகிற படகில் ஹுவாய் சாய்க்கே திரும்பி, மறுநாள் ஆறு தாண்டித் தாய்லாந்து, அங்கிருந்து ஊர்.

"எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு வருஷம் சுத்தலாம்னு வந்தேன். தனியா வராத, தனியாவே திரும்புவேன்னு எங்க அக்கா சொன்னா. பதினஞ்சே நாள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கஞ்சி பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் கஞ்சியே இல்லை.

சாயங்காலம் ஃபோன். "நாளைக்குக் காலையில நானே கிளம்பி வர்றேன். அவள எங்கியும் போக வேண்டாம்னு சொல்லுங்க."

வர்றேன்! இந்தத் திண்ணையில் எத்தனை பேர் 'வர்றேன்' என்று சொல்லிப் போயிருக்கிறார்கள் என்று இவனுக்குத் தெரியுமா? வெயில் வந்ததும், அருவிக்குப் போகலாம் வா என்று புதுசாக நாலு ஜென்மம் கூப்பிட்டதும், வர்றேன் எங்கே போகும்? இவன் பேச்சை நம்பி அவளை நிறுத்திவைத்து, நாளைச் சாயங்காலம் வெறும் படகு வந்தால்? அந்த முகத்தை நான் அல்லவா பார்க்க வேண்டும்.

சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்லவில்லை.

ஜனவரி 18

காலை:
போய்விட்டாள். படிக்கட்டின் பாதியில் நின்று திரும்பி, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள், நம் ஊர் வழக்கப்படி, சரியான உயரத்தில். அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "குடையை மறக்காத" என்றேன். மழைக்காலமே இல்லை.

சாயங்காலம்:
வந்துவிட்டான்.

கீழிருந்து வந்த படகில் முதல் ஆளாகக் குதித்து இறங்கினான். நான் சன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கையில் ஆரஞ்சுப் பை, இன்னொரு கையில் எங்கே தேடிப் பிடித்தானோ, கொரிய எழுத்துப் போட்ட நூடுல்ஸ் பாக்கெட். படியை மூன்று மூன்றாகத் தாண்டி, மண்டையை இடித்துக்கொண்டு, நேரே மாடிக்கு ஓடினான். காலி அறை. திரும்பி வந்தான்.

"எங்கே?"

"காலையில ஹுவாய் சாய் படகுல போயிட்டா."

"நான் வர்றேன்னு சொன்னீங்களா?"

என்ன செய்தேன் தெரியுமா? அம்பத்திரண்டு வயசுப் பொம்பளை, நிமிர்ந்து நின்று சொன்னேன்: "சொன்னேனே. எல்லாம் சொன்னேன். அவளுக்கு என்ன அவசரமோ."

"ஓ" என்றான். அவ்வளவுதான். நூடுல்ஸ் பாக்கெட்டை மேசைமேல் மெதுவாக வைத்தான், உடைந்துவிடும் என்பதுபோல்.

துரத்திக்கொண்டு போவானோ என்று பயந்தேன். ஏன் போவான்? அவளுக்கு இவன் வேண்டாம் என்றல்லவா நான் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கிடந்த நூல்கண்டைப் பார்த்து மாலைதோங்கிடம் ஏதோ கேட்டான். அவள் கையால் சைகை காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 19

காலைப் படகில் போய்விட்டான். "ரொம்ப நன்றி அக்கா, தினமும் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்தேன்" என்றான்! திட்டியிருக்கலாம் பாவி.

மாலைதோங்கோடு நாலாம் நம்பரைப் பெருக்கப் போனேன். அவள் படுத்திருந்த கட்டில் சட்டத்தில் வெள்ளை நூல் ஒன்று கட்டியிருந்தது. மூன்று முடிச்சு, நம் ஆட்கள் போடுவதுபோல்.

"ஆள் இல்லாம எங்க கட்டறதுன்னு கேட்டுச்சு. அவ படுத்த எடத்துல கட்டுன்னேன்" என்றாள் மாலைதோங். பிறகு, "நீங்க சொல்லவே இல்ல, இல்லக்கா?"

"ஆமாடி, சொல்லல! இப்ப என்னங்கற?"

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கீழே போனாள். மத்தியானம் எனக்குத் தட்டு வைக்கவில்லை. நூலை நான் அவிழ்க்கவில்லை.

ஜனவரி 20

விடுதிப் பதிவேடு போலீசுக்காக எழுதுவது. பெயர், பாஸ்போர்ட், எங்கிருந்து, எங்கே, வீட்டு விலாசம். யூன்ஹீயின் விலாசம் குண்டுகுண்டாக, அழகான எழுத்து. ஜோரிஸுடையது கோழி கிளறினதுபோல். இரண்டும் இருக்கிறது. நாளைக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும்.

ஜனவரி 24

எழுதவில்லை. பதினேழு பேர் கூட்டம், நேரமே இல்லை.

ஜனவரி 30

எழுதவில்லை. நேரம் இருந்தது.

பிப்ரவரி 6

"யூன்ஹீ அவர்களுக்கு" வரை வந்தேன். பிறகு அகராதியில் 'மறைத்தேன்' என்பதற்கு இங்கிலீஷ் தேடினேன். மூன்று வார்த்தை கிடைத்தது. எதுவும் போதுமானதாக இல்லை. தாளைக் கசக்கிவிட்டேன்.

பலகையைத் துடைக்கும்போது ஒன்று தோன்றியது. போட்டோ அனுப்புறோம் என்றவர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்படித்தான் இருந்திருப்பார்கள் போல. நாளைக்கு, நாளை மறுநாளைக்கு, பிறகு வெட்கம்.

அதற்காக அவர்களை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அவர்கள் வரிசையில் இப்போது நானும் நிற்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

எழுதிவிட்டேன். எட்டு வரி.

அவன் நாலு முறை கூப்பிட்டான். நான் சொல்லவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ போன அன்றே சாயங்காலம் வந்தான், ஆரஞ்சும் நூடுல்ஸும் கொண்டுவந்தான். அவனிடமும் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை. அவன் விலாசம் கீழே. உனக்கு வர வேண்டியது மூன்று நூல். மூன்றாவது இதோடு இருக்கிறது, அவன் கட்டியது.

கட்டில் சட்டத்திலிருந்து முடிச்சைக் கத்தரிக்காமல், நகத்தால் நெம்பி அவிழ்க்க அரை மணி ஆயிற்று. ஹாலந்துக்கும் இதேபோல் ஒன்று, நூல் இல்லாமல்.

பிப்ரவரி 12

இரண்டு உறைகளையும் லுவாங் பிரபாங் தபால் நிலையத்தில் சேர்க்கச் சொல்லிப் படகோட்டியிடம் கொடுத்தேன். "மறந்துடாதய்யா" என்று மூன்று தடவை சொன்னேன். மாலைதோங் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக அவள் செய்வதுதான், மூன்று வாரமாக நிறுத்தியிருந்தாள்.

மார்ச் 9

பதில் இல்லை. வர வேண்டும் என்று என்ன சட்டம்.

இன்று இறங்கினவர்களில் ஆறு பேர் ஒரே மாதிரிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள், உறவு காலை எட்டு மணியிலிருந்து. பார்க்கச் சகிக்கவில்லை. நேற்றுக் கூட்டத்தில் ஒருவன் வயிற்றுப்போக்கோடு நாலாம் நம்பரில் கிடக்கிறான். அவனுடைய ஜென்மங்கள் காலையில் போயாயிற்று.

சாயங்காலம் சன்னலில் பை அதிர்ந்தது. ஏதோ ஒரு பெண் குரல், நாலாம் நம்பரில் கிடப்பவன் பெயரைச் சொல்லிக் கேட்டது. நாளைக்குக் கூப்பிடப் போவதில்லை இவள், எழுதியே தருவேன்.

ஃபோனைப் பையோடு கழற்றினால் சிக்னல் போய்விடும். "இரு, வைக்காத" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலியோடு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

"எழுந்து வா. உனக்குத்தான்."