போனில் கோணிய முகம்

மே 13, செவ்வாய்

முகம் முடிந்தது. வெள்ளிக்கிழமை வரும் ஆசிரியர் தினத்துக்காக நிர்மலாதேவி டீச்சரைக் கணினியின் கறுப்பு டெர்மினல் திரையில் எழுத்துகளாலேயே வரைந்திருக்கிறேன். கொண்டைக்கு #, கண்ணாடிக்கு இரண்டு O, வாய்க்கு அடிக்கோடுகள். போன வருஷம் முகவாதம் வந்து டீச்சரின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் நேராகத்தான் போட்டேன். கமலவேணிக்கு மட்டும் காட்டினேன்.

"செம-லா! எனக்கு அனுப்பு. யாருக்கும் காட்ட மாட்டேன், சாமி சத்தியமா."

அனுப்பினேன்.

மே 14, புதன்

கிளாஸ் குரூப்பில் போட்டுவிட்டாள்.

டெர்மினலில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். போனில் அப்படி இல்லை. வரிகள் சரிந்து வாய் காதுப் பக்கம் போய்விட்டது. கீழே கவிநேசன்: "டீச்சர் வாயை அப்படியே போட்டுட்டாளே!" அதற்குக் கீழே ஒரே சிரிப்பு. கமலவேணி என்னைக் கைகாட்டி எழுதியிருக்கிறாள்: "நான் இல்ல, அகல்யா வேலை."

யாரோ டீச்சரிடம் காட்டிவிட்டார்களாம்.

மே 15, வியாழன்

டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பாடம் நடத்தினார். நாளைக்கு என்னைக் கணினி லேபுக்கு வரச் சொன்னார்.

அப்பாவைக் கூப்பிடுவார்களா? சுங்கை ஊடாங் ஆலையில் நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்து நிற்பார். கணினிக் கழகத்தை விட்டு என்னை எடுத்துவிடுவார்களா?

கமலவேணியிடம் கெஞ்சினேன். "நீ பாத்தேதானே, வாய் நேரா இருந்துச்சுன்னு சொல்லேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல-லா. என்னை இழுக்காதே."

ஞாபகம் இல்லையாம்! ஒண்ணாம் வகுப்புல இருந்து பஸ்ல ஒரே சீட்டுல வரோம் —

அம்மா எழுந்துவிட்டார். போர்வைக்குள் விளக்கை அணைக்கிறேன்.

மே 16, வெள்ளி

லேபில் கமலவேணியும் இருந்தாள். என்டர் தட்டினேன். கறுப்புத் திரையில் டீச்சர் வரிவரியாக வந்தார். வாய் நேராக. பக்கத்தில் நின்ற டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். கைக்குட்டையை மேசையில் வைத்தார்.

"போன்ல வேற மாதிரி இருந்துச்சே?"

"போன்ல வரியெல்லாம் சரிஞ்சிடும், டீச்சர்."

"இது பழைய நான்மா. இப்ப இருக்கிற மாதிரி போடு."

வாயின் ஒரு கோட்டைக் கீழே இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

இறக்கினேன். டீச்சர் சிரித்தார். திரையில் இருந்ததும் அதே சிரிப்புதான்.

அவர் போனதும் கமலவேணி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல. இதையும் எனக்கு அனுப்பு-லா."

'கிளியர்' என்று தட்டினேன். திரை வெறுமையானது.

திரும்பும்போது பஸ்ஸில் தனியாக முன்சீட்டில் உட்கார்ந்தேன்.