எந்தக் கொத்து ஹெஸ்டர்?

ஸ்ட்ரவுட்,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

நீயும் மாப்பிள்ளை கேலமும் அங்கே ஹோபார்ட்டில் வெயிலும் கடலுமாகச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சளி இல்லாமல், சண்டை இல்லாமல், கூரை ஒழுகுவதைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். கூரை வேலைக்காரர் மழை நின்றதும் வருகிறேன் என்கிறார், மழை நின்ற பிறகு அவர் எதுக்கு என்று அப்பா கேட்கிறார். தபாலில் போட்டால் உனக்குக் கிடைப்பதற்குள் பூவெல்லாம் வாடிவிடும் என்பதால் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். கூடவே மூன்று படங்கள் வைத்திருக்கிறேன், அவற்றைக் கடைசியில் பார். முதலில் நான் சொல்வதைக் கேள், ஏனென்றால் சொல்லும் எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

அப்பாவின் கண்ணுக்கு ஊசி போட்டும் நடுப்பார்வை திரும்பவில்லை. ஓரத்தில் தெரிகிறது, நேரே பார்த்தால் புகை. என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறார். கதவு, நாற்காலி, பூனை எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்கிறார், ஆனால் அவர் உயிராய் வளர்க்கும் ஸ்னோட்ராப் பூவின் உள்ளிதழில் இருக்கும் பச்சைக் குறி மட்டும் தெரிவதே இல்லை. அந்தக் குறியை வைத்துத்தானே இந்த ஸ்னோட்ராப் பைத்தியங்கள் ஒரு பூவை இன்னொரு பூவிலிருந்து பிரிக்கிறார்கள். எனக்கு எல்லாமே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பூதான் என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவள் இப்போது அவருக்காக உரச்சாக்கை விரித்துத் தரையில் படுத்து, பூவுக்கு அடியில் என் பவுடர் கண்ணாடியை நீட்டிப் படம் எடுக்கிறேன். தபால்காரர் பார்த்துவிட்டு, விழுந்துட்டீங்களா மேடம் என்று ஓடி வந்தார்.

வருகிற சனிக்கிழமை ஆட்ரி தன் ஸ்னோட்ராப் சேகரிக்கும் கூட்டத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். லீக் சூப்பும் இஞ்சிக் கேக்கும் செய்கிறேன். அன்றைக்கு அப்பா உன் பெயர் வைத்த பூவில் பாதியை அவளுக்குத் தோண்டிக் கொடுக்கப் போகிறார். ஆப்பிள் மரத்தடியில் தானாக முளைத்து, நீ இங்கிருந்து கிளம்பிய வருடம் முதன்முதலாகப் பூத்ததே, அதுதான். உலகத்தில் அது இருப்பது நம் தோட்டத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு கொத்து. ஒரு செடி பிழைக்க வேண்டுமென்றால் அதைக் கொடுத்துவிடு என்பது இவர்களுடைய வேதம். சாம்பல் பூஞ்சை வந்தால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் போய்விடுமாம், அப்போது கொடுத்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். இத்தனை வருடம் கிழங்கு இன்னும் பெருகட்டும் என்று தள்ளிப்போட்டவர், இப்போது அவசரப்படுகிறார். எனக்கப்புறம் இது எதுன்னு சொல்ல ஆள் கிடையாது பெரில், மத்த வெள்ளைப் பூவோட இதுவும் ஒண்ணாப் போயிடும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

இந்த நேரத்தில்தான் கருங்குருவி வந்து சேர்ந்தது. புழு தேடுகிறேன் என்று மரத்தடியில் இருந்த பெயர்க்குச்சிகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டது. அது கூடப் பரவாயில்லை, பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயேதான் போடும். பக்கத்து வீட்டு டிரெவர் வேலி வழியாகப் பார்த்திருக்கிறார், நமக்கு உதவி செய்ய நினைத்திருக்கிறார். குச்சியெல்லாம் குப்பையாக் கெடந்துச்சு பெரில், நான்தான் ஒரே வரிசையா நட்டு வெச்சேன், இப்பப் பாருங்க எவ்ளோ அழகா இருக்கு என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு அப்பா, நம்ம சர்ச் கல்லறைப் பேர்க்கல்லையும் ஒரு நாள் இப்படி ஒழுங்கு பண்ணி விடுங்க டிரெவர் என்றார். டிரெவர், அதுக்கென்ன, செஞ்சாப் போச்சு என்று சந்தோஷமாகப் போனார், பாவம்.

ஆக, மரத்தடியில் வேறு வேறு ரகமாக மூன்று கொத்து நிற்கிறது, எது நீ என்று தெரியவில்லை. ஹெஸ்டருக்கு உள்ளிதழில் ரெண்டு பச்சைப் புள்ளி, ஒண்ணை ஒண்ணு தொடாம, அண்ணாந்து பாக்கிற கண்ணு மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் குளிருக்குப் பூவெல்லாம் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்து முதல் நாளில் பெயரைக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகளைப் போல. ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு பூவைக் கிள்ளி வந்து முட்டைக் கிண்ணங்களில் நிறுத்தி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்குள் மூன்றும் விரிந்துவிட்டன. படம் எடுத்தேன். முதல் இரண்டிலும் இரண்டு புள்ளிகள், மூன்றாவதில் புள்ளிகள் சேர்ந்து கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரே கறை. சரி, மூன்றாவது இல்லை என்றாவது தெரிந்தது என்று நினைத்தேன்.

நேற்று காலை எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணவில்லை. மரத்தடியில் முழங்காலிட்டு, இலைகள் மண்ணிலிருந்து புறப்படும் இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இதுல ரெண்டு இலையும் தட்டையா ஒட்டி நிக்குது, இது இல்ல. இதுவும் இல்ல. இந்தா, இதுல ஒரு இலை இன்னொண்ணைக் கட்டிப் பிடிச்சிருக்கு, ஓரம் பின்பக்கமா மடிஞ்சிருக்கு, இதான் நம்ம பொண்ணு என்றார். அவர் கை இருந்தது மூன்றாவது கொத்தின் மேல். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, புள்ளி விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் முழங்காலிட்டேன். நானும் தடவிப் பார்த்தேன், எனக்கு இலை இலையாகத்தான் இருந்தது.

நாள் முழுக்க மனசு கேட்கவில்லை, தேநீர் வேளையில் சொல்லிவிட்டேன். நீங்க காட்டினதுல புள்ளி தனித்தனியா இல்ல லெஸ்லி, சேர்ந்திருக்கு என்றேன். எத்தனை பூ பாத்தே என்றார். ஒன்று என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து போய்விட்டது. நீயெல்லாம் ஒரு டீச்சர், ஒரு பிள்ளையை எழுப்பி நிக்க வெச்சு மொத்த வகுப்பையும் முடிவு கட்டுவியா, வேற பூவோட விதை விழுந்து நடுவுல ஒண்ணு முளைச்சிருக்கும், அதுக்குத்தான் காஞ்ச பூவைக் கிள்ளிடுன்னு போன வருஷம் தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன் என்றார். மறுபடி சாக்கு, மறுபடி பவுடர் கண்ணாடி, நல்லவேளை நேற்றைய வெயிலுக்குப் பூவெல்லாம் இன்னும் விரிந்தே இருந்தது. மூன்றாவது கொத்தில் சில பூக்களுக்கு இரண்டு புள்ளி, சிலவற்றுக்கு ஒரே கறை! உள்ளே வந்து அப்படியே சொன்னேன். அதில் வந்தேறி எது, வீட்டுப் பிள்ளை எது என்று கேட்டேன். ரெண்டு புள்ளிதான் ஹெஸ்டர், சனிக்கிழமை தோண்டினதும் பூவைப் பாத்து நீ பிரி, இலையைத் தொட்டு நான் பிரிக்கிறேன் என்றார். நானும் நிம்மதியாகப் பாத்திரம் கழுவப் போனேன்.

ஆனால் படுக்கப் போகுமுன், ரெண்டு புள்ளின்னு இத்தனை வருஷமாச் சொல்றேனே பெரில், நிஜமாவே கண்ணால பாத்தேனா, இல்ல சொல்லிச் சொல்லியே அப்படி ஆகிப்போச்சா என்று கேட்டார். நான் அந்த நாளில் எங்கே குனிந்து பார்த்தேன்? தப்பான கிழங்கு உன் பெயரோடு ஆட்ரி வீட்டுக்குப் போய், சரியானது இங்கே அழுகிப் போனால், அதற்குப் பிறகு யாரைக் கேட்பது?

பார்த்தவள் நீ ஒருத்திதான். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஈரப் புல்லில் படுத்து அந்த முதல் பூவைக் கீழிருந்து படம் எடுத்தாய், கோட்டுக்காக நான் திட்டினேன். அந்தப் படம் உன் பழைய போனிலாவது இருக்கும். தேடி, இரண்டு புள்ளியா, ஒரே கறையா என்று பார். என்னிடம் சொல்லாதே, அப்பாவைக் கூப்பிட்டு அவரிடமே சொல். தினமும் சாயங்காலம் ஹெஸ்டர் எப்படி இருக்கா என்று கேட்கிறார், தோட்டத்தில் இருப்பவளைக் கேட்கிறாரா உன்னையா என்று எனக்குத் தெரிவதில்லை, நல்லா இருக்கா என்று இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ கூப்பிடவில்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, கேலமுக்கு எங்கள் அன்பைச் சொல். கடவுள் உங்கள் இருவரையும் காத்து நிற்கட்டும். சனிக்கிழமை நம் ஊர் நேரம் பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், அதற்கு முன்பே போன் பண்ணு. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அப்பா எடுக்கட்டும்.

என்றும் உன் அன்பு அம்மா,
பெரில்