அந்தப் படத்தில் கோடுகள் இருந்தன, ஜெசிந்தா

ஜெசிந்தா, எனக்கு வாயாக இருந்தவளே,

உன் இரண்டாம் வருட நினைவுப் பூசைக்குத் தங்கச்சிமடம் வந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மஞ்சள் காமாலையை வைத்துக்கொண்டு, பரீட்சை முடியட்டும் என்று ஏன் கிடந்தாய்? நினைத்தால் கோபம்தான் வருகிறது. விடு.

எம்.எஸ்ஸி வகுப்பில் என் சந்தேகத்தை நோட்டின் ஓரத்தில் எழுதி உன் பக்கம் தள்ளுவேன். நீ எழுந்து உன் சந்தேகம் போலக் கேட்பாய். "ஏ புள்ள, கேள்வி ஒனக்கு, திட்டு எனக்கா?" என்று கிள்ளுவாய். இப்போது ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை.

அங்கே என்ன வேலை என்று சொல்கிறேன். கண்ணாடித் தகட்டில் லேசரை மிகக் கடுமையாக அடித்தால் அந்த இடத்தின் அணுக்கள் பிய்ந்து பிளாஸ்மாவாகிவிடும். அதிலிருந்து நம்ப முடியாத அளவு குறுகிய ஒளித்துடிப்புகள் வரிசையாக வரும். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, தனியாக. ஒவ்வொரு அடிக்கும் தகட்டில் ஒரு குழி. உடனே புது இடத்துக்கு நகர்த்த வேண்டும். எத்தனை தகடு பாழாய்ப் போயிற்று!

போன மாதம், ஒற்றைத் துடிப்பு கிடைத்துவிட்டது என்று எங்கள் சீனியர் ஒருவர் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் வரைபடம் காட்டினார். மூலப்படத்தைப் பார்த்தவள் நான். துடிப்பு இரண்டாக வந்தால் நிறமாலையில் மெல்லிய கோடுகள் விழும். விழுந்திருந்தன. வரைபடத்தை வழவழப்பாக்கியபோது காணாமல் போயின. எங்கள் வழிகாட்டி சார் முதல் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தெரியுமா?

அதை வைத்து எழுதிய கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊர் முழுக்க அய்யா சொல்லிவிட்டார்: "எம் மக பேரு அச்சுல வருதுப்பா." என் உதவித்தொகை இந்த வருடத்தோடு முடிகிறது, கட்டுரை வராவிட்டால் நீட்டிக்க மாட்டார்கள். நாளை அதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறார்கள்.

காலையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் புலம்பினேன்.

"ஒண்ணு கேட்டு ரெண்டு வந்தா லாபந்தானத்தா?"

எலக்ட்ரான் ஓடுவதைப் படம் பிடிக்கத்தான் இந்த ஒளி, ஃபிளாஷ் இரண்டு தடவை அடித்தால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார் என்றேன்.

"அப்ப செல்லாத போட்டோ. ஒங்க சாருக்குத் தெரியாதா?"

"தெரியாது. நான் சொல்லல."

"ஏன், வாயில என்ன வச்சிருந்த?"

மதியம் சாருக்குப் போன் போட்டேன். "சொல்லும்மா" என்றார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

எனக்காகக் கேட்டுக் கேட்டே, எனக்குக் கேட்கப் பழக்கமில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய். இல்லை, அது நியாயமில்லை. நான்தானே உன் பின்னால் ஒளிந்தேன்?

பெயர் போனால் போகட்டும் என்று பெரிய மனசாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பெயர் எனக்கு வேண்டும். ஆனால் இரண்டை ஒன்று என்று எழுதிய தாளில் வேண்டாம். இதை முடித்ததும் மறுபடி போன் போடுகிறேன். கோடுகள் இருக்கின்றன என்று சொல்லாமல் வைக்க மாட்டேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். சத்தியம்.

உன் அம்மா என்னையும் மகளே என்று கூப்பிடுவதால்,
உன் தங்கச்சி
முத்துமாரி