அழிக்காமல் கொடுத்த பெட்டி

9, திங்கள்

காலையிலேயே வெயில். ரயிலில் உட்கார இடம். கூட்டமெல்லாம் சென்னைப் பக்கம் போகிறது, நான் திருநின்றவூரில் ஏறித் திருவள்ளூர்ப் பக்கம். இந்த ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவள்.

இன்று அழித்தது: லேப்டாப் நான்கு, டெஸ்க்டாப் ஒன்று.

கம்பெனியிலிருந்து வரும்போதே பெட்டிக்குள் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் இருக்கும். விண்டோஸ் போட்டதைவிட விலை குறைவு, அதனால் வாங்குகிறார்கள். கஸ்டமர் நாற்காலியில் காத்திருக்க, நான் லினக்ஸை அழித்து விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கிறேன். பில் போட்ட விண்டோஸ் இல்லை, பென்டிரைவில் இருக்கும் திருட்டு நகல். இந்தக் கம்ப்யூட்டர் கடையில் ஏழு வருடமாக இதே மேஜை. லினக்ஸின் முகத்தைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான், அதுவும் அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்.

மதியம் முதலாளி கூப்பிட்டார்.

"எஸ்தரு, ஒரு மேட்டரு கீது."

கம்பெனி அந்த மலிவு மாடலை நிறுத்த யோசிக்கிறதாம். ஆனால் நம் கடையில் மட்டும் அது மளமளவென்று விற்கிறது. திருவள்ளூர்க்காரர்களுக்கு லினக்ஸ் மேல் அப்படி என்ன ஆசை என்று அவர்களுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஓர் ஆபிசர் வருகிறார். லினக்ஸைக் கேட்டு வாங்கி அதையே ஓட்டுகிற கஸ்டமர் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டுமாம்.

கம்பெனிக்கு மாதா மாதம் ஒரு படிவம் போகிறது. 'வாடிக்கையாளர் கேட்டு வாங்கினாரா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று டிக் அடித்து அனுப்புவது முதலாளியேதான்.

"ஒருத்தர புடிச்சிக் குடு. இல்லன்னா அந்த மாடலு நின்னு பூடும். விண்டோஸ் போட்ட பொட்டிதான் வரும். அப்புறம் உனுக்கு இங்க இன்னா வேலை, நீயே சொல்லு."

சரி சார் என்றேன். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீட்டுக்காரர் சேகர் போனதிலிருந்து எதுவும் உள்ளே இறங்குவதில்லை. பதினோரு மாதம்.

வாங்க: சமையலறை பல்ப், உப்பு, போன் ரீசார்ஜ்.

10, செவ்வாய்

பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க போன். மறக்காமலிருக்கக் குறித்தவை:

"லினக்ஸா? அது இன்னாமா, வைரஸா?"

"நீதான ஏத்திக் குடுத்த. மறந்துட்டியா?"

வக்கீல் குமாஸ்தா ஒருவர்: "நாங்க வெலைய கேட்டு வாங்கனோம். உள்ள இன்னா கீதுன்னு யாரு கேட்டா?"

அவர் சொன்னதுதான் எல்லோருடைய பதிலும். அதைப் படிவத்தில் எழுதக் கட்டம் கிடையாது.

சாப்பாடு: தயிர் சாதம், ஊறுகாய். பாதி வைத்துவிட்டேன்.

பாஸ்டர் அழைத்தார். சேகருக்கான வருட ஜெபத்தை வீட்டில் வைப்பதா சர்ச்சிலா? அப்புறம் சொல்கிறேன் என்றேன். போன வாரமும் அதையே சொன்னேன்.

அழித்தது: இரண்டு.

11, புதன்

இன்னும் இருபது பேர். ஒருவரும் இல்லை.

பில் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் நேற்றிலிருந்து தாண்டிக்கொண்டே இருந்தேன். சேகர் போன தேதி. அன்று ஒரு லேப்டாப்பைப் பிரித்து மேஜையில் வைத்திருந்தேன். காக்களூரில் சேகர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஷிப்டுக்கு வரும் வழியில் லாரி. அதற்குப் பிறகு எனக்கு நினைவில் இருப்பது அரசு ஆஸ்பத்திரியின் பச்சை பெஞ்சு. நடுவில் ஒன்றுமில்லை.

நான்கு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கஸ்தூரி, கும்மிடிப்பூண்டி. 'ஏற்றியது' என்ற கட்டத்தில் என் கையெழுத்து இல்லை.

போன் போட்டேன். கடை பெயரைச் சொன்னதும் அந்தம்மா முந்திக்கொண்டார்.

"நீ எஸ்தரா? எப்டிமா கீற?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். பெட்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா, ஜம்முனு ஓடுது."

விண்டோஸா?

"அந்தப் பேரெல்லாம் தெரியாது. தொறந்தா ஆரஞ்சு கலரா ஒரு படம் வரும்."

லினக்ஸ்தான். கிடைத்துவிட்டார். மாற்றிக் கொடு என்று ஏன் இத்தனை நாள் வரவில்லை? யாராக இருந்தாலும் மறுநாளே வந்து கத்தியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வரலாமா என்றேன். "தாராளமா வா. நாஷ்டா இங்கயே துன்னலாம்."

12, வியாழன்

தூறல். வந்த சுவடு தெரியாமல் நின்றது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "கேட்டுதான் வாங்கனேன்னு சொல்லச் சொல்லு. இப்பவே போன் போட்டு சொல்லி வெச்சிடு."

சொல்லவில்லை. மூன்று முறை போனை எடுத்து, மூன்று முறையும் வைத்தேன். பொய் சொல்லச் சொல்வதில் ஒன்றுமில்லை. தினமும் பென்டிரைவ் செருகுகிறவளுக்கு அதெல்லாம் பெரிய விஷயமா? அந்தம்மா அன்று என்னைப் பார்த்திருக்கிறார். எனக்கே தெரியாத என்னை. அவரிடம் போய் எதையாவது கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

நாளை அவர் உண்மையைச் சொன்னால் என் மேஜை போகும். போகட்டும் என்று இருக்கிறது. மறுபடியும் வேலை தேட வேண்டுமே என்றும் இருக்கிறது. இரண்டின் எடையும் ஒன்றுதான்.

அழித்தது: மூன்று.

பல்ப் இன்னும் வாங்கவில்லை.

13, வெள்ளி

ஆபிசர் பெயர் விவேக். சின்ன வயது, இஸ்திரி போட்ட சட்டை. அவர் காரில் பெரியபாளையம் வழியாகப் போனோம். முதலாளி வரவில்லை, எனக்கு வாட்ஸ்அப்பில் கட்டை விரல் அனுப்பினார். கவரைப்பேட்டை தாண்டியதும் லாரிகள். நான் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் கஸ்தூரி அக்காவின் கடை. ரயில் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பயோடேட்டா. ஐம்பது வயது இருக்கும். உள்ளே, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு ஒடியாக்காரர்கள் அந்த லேப்டாப்பில் ஊருக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எழுத்திலேயே.

"இதுல எல்லா ஊரு எழுத்தும் கீது சார். அவங்களே வந்து தட்டிக்கிறாங்க. பிரிண்டர்தான் மொத வாரம் ரொம்ப பேஜாரு பண்ணிச்சு."

விவேக் படிவத்தை எடுத்தார். "இந்த சிஸ்டம்தான் வேணும்னு நீங்களே கேட்டு வாங்கினீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் எதையும் காட்டவில்லை, காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

"ஆமா சார். இதான் வோணும்னு கேட்டு வாங்கனேன்."

"அடுத்தது வாங்கினாலும்?"

"இதேதான் கேப்பேன். வேற குடுத்தா எனுக்கு வராது."

டிக். அக்காவையும் லேப்டாப்பையும் சேர்த்து ஒரு போட்டோ. இது போதும், மாடல் நிற்காது என்றார். பிறகு மேலிடத்துக்குப் பேச வெளியே போனார்.

அக்கா, நீங்கள் கேட்கவே இல்லையே என்றேன்.

"கேக்கலதான். உன் மூஞ்சப் பாத்தேன், ஏதோ வோணும்னு நிக்கிற. சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

இட்லியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"மறுநாளே பொட்டியத் தூக்கிக்கினு வந்தேன்மா. பழகுன மாதிரி இல்ல, மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம்னு. கடை மூடிக் கெடந்துது. டீக்கடையில உன் ஊட்டுக்காரரு விஷயத்த சொன்னாங்க. அப்டியே திரும்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சி பஸ்ஸேறலாம்னு கெளம்பனேன். இத நீட்டி, அன்னைக்கு நீ மாத்தாம குடுத்துட்டன்னு சொன்னா, உனுக்கு அந்த நாளு ஞாபகம் வரும்ல. எதுக்குன்னு உட்டுட்டேன். நானே தட்டித் தட்டி கத்துக்கினேன்."

தண்ணீர் குடித்தேன்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். பதினோரு மாதத்தில் யாரிடமும் கேட்காதது.

"ஒண்ணும் பண்ணல. கத்தல, அழுவல. போன வெச்ச. பொட்டிய மூடி, பையில போட்டு, என் கையில குடுத்த. 'சார்ஜரு உள்ள கீதுக்கா, பாத்து எடுத்துக்கினு போங்க'ன்ன. அப்புறம் செருப்புகூட போடாம ரோட்டுல எறங்கிப் போன. ஏம்மா, ஏம்மான்னு கூப்புட்டுக்கினே கொஞ்ச தூரம் வந்தேன். நீ திரும்பிப் பாக்கல."

அழுதேன். அந்த ஒடியாக்காரர்கள் இரண்டு பேரும் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார்கள். சேகர் செத்துப்போனார். அதை இன்றுதான் யாரோ வந்து சொன்னதுபோல் வலித்தது. அக்கா என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

விவேக் எட்டிப் பார்த்து, கிளம்பலாமா மேடம் என்றார்.

"கொஞ்ச நேரம் ஆவும் சார்," என்றார் அக்கா. "நீங்க வண்டியில குந்துங்க."